தக்காளி கிலோ நாற்பது

ஸ்டெல்லா, என் கண்ணம்மா,

நீ உயிரோடு இருந்தவரை உன்னை இப்படி ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. வீட்டுக்குள் "இங்க பாரு". வெளியாள் இருந்தால் "ஜெனி அம்மா". இருபத்தொரு வருடத்தை இந்த இரண்டிலேயே ஓட்டிவிட்டேன். இப்போது கூப்பிடுகிறேன். நீ என்ன பதில் சொல்வாய் என்று எனக்கு ஊகிக்கக்கூடத் தெரியவில்லை.

அடுத்த மாதம் உனக்கு ஓராண்டு நினைவுத் திருப்பலி. பங்குக் கோயில் மாத இதழில் உன் படத்துக்குக் கீழே போட நாலு வரி எழுதித் தரச் சொன்னார் ஃபாதர். "அன்பின் உருவமே, குடும்பத்தின் ஒளிவிளக்கே" என்று தொடங்கினேன். அதற்குக் கீழே என் பெயரைப் போடக் கை வரவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அவர் அச்சில் போட்டால் போடட்டும். ஊர் படித்தால் படிக்கட்டும்.

நம் வீட்டுக்குக் கணக்கு நோட்டு வந்த கதையிலிருந்து தொடங்க வேண்டும். உனக்குத் தெரிந்ததுதான். படிக்கிறவர்களுக்குத் தெரியாதே.

அப்போது இரும்புலியூரில் வாடகைக்கு இருந்தோம். ஜெனிக்கு ஆறு வயது. என் தங்கை கல்யாணத்துக்காக உன்னிடம் சொல்லாமல் வட்டிக்கு வாங்கியிருந்தேன். மூன்று மாதமாகக் கட்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால், வாசலில் ஃபைனான்ஸ்காரன் நிற்கிறான். "சர்ச்சுக்கு மட்டும் டிப்டாப்பா போய்க்கினு வர்றியே, வாங்கின துட்ட எவன் குடுப்பான்?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினான். மாடி வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நீ உள்ளே போய்க் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி என் கையில் வைத்தாய்.

சாயங்காலம் ஜெனியின் பழைய ரஃப் நோட்டு ஒன்றை எடுத்து வந்து என் எதிரில் உட்கார்ந்தாய். "இனிமே எல்லாத்தையும் எழுதுவோம்ங்க. ரெண்டு பேரும் சேந்து எழுதுவோம். எனக்குத் தெரியாம நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், உங்களுக்குத் தெரியாம நானும் பண்ண மாட்டேன்" என்றாய். திட்டவில்லை. அழவும் இல்லை.

அந்த முதல் சில வருடங்கள் நன்றாகத்தான் இருந்தன, இல்லையா? பதினாலு மாதத்தில் சங்கிலியை மீட்டோம். மீட்ட அன்று தாம்பரத்தில் மூவரும் பிரியாணி சாப்பிட்டோம். நோட்டில் "பிரியாணி, கொழுப்பெடுத்து" என்று எழுதித் தொகையைப் போட்டாய். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது.

பிறகு அந்த நோட்டு எப்போது உன் கையைவிட்டு என் கைக்கு வந்தது? யோசித்துப் பார்க்கிறேன், நாள் பிடிபடவில்லை. கூடுவாஞ்சேரியில் மனை வாங்கி, வீடு கட்டி, இருபது வருட வங்கிக் கடன் தலையில் ஏறிய பிறகாக இருக்கும். நான் ஹார்டுவேர் மொத்தக் கடையில் கேஷியர். எங்கள் கடையில் சில்லறைச் செலவுக்கு ஒரு முறை உண்டு. ஆளின் கையில் ஒரு தொகை கொடுப்போம். பில்லைக் காட்டினால்தான் அடுத்த தொகை. அதையே வீட்டுக்கும் கொண்டுவந்தேன்.

உன் பள்ளிக்கூடச் சம்பளம் பதினாறாயிரம் ஒன்றாம் தேதி கணக்கில் விழும். ஏ.டி.எம். கார்டு என் சட்டைப் பையில் இருக்கும். வீட்டுச் செலவுக்கு உன் கையில் ஒன்பதாயிரம் தருவேன். சனிக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் நோட்டையும் பில்களையும் கொண்டுவந்து வைப்பாய். நான் சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு வரியாக டிக் போடுவேன். நீ மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டைத் திருத்துவாய். உன் நோட்டை நான் திருத்தினேன்.

"கருவேப்பிலைக்குக் கூடவா எழுதணும்?" என்று ஒரு தடவை கேட்டாய்.

"அஞ்சு ரூபான்னாலும் ரூபாதானே" என்றேன். அதற்குப் பிறகு நீ கேட்கவில்லை.

போன வருடம் செப்டம்பரில், காலை ரயிலைவிட்டு இறங்கித் தாம்பரம் மேம்பாலப் படியில் ஏறும்போது பாதியில் நின்றுவிட்டாய். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாய். நான் மேல்படியில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். "நீங்க போங்க, நான் வர்றேன்" என்றாய். போய்விட்டேன்.

அக்டோபரில் ஒரு நாள், நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும்போது வந்து நின்றாய்.

"இந்த மாசம் ஒரு ரெண்டாயிரத்து இருநூறு எக்ஸ்ட்ராவா வேணும்ங்க."

"எதுக்கு?"

"ஒரு டெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க."

"ஜெனிக்கு செமஸ்டர் ஃபீஸ் கட்டணுமே. அவசரமா என்ன?"

நீ கொஞ்சம் யோசித்தாய். "அவசரம்னு இல்ல" என்றாய்.

டெஸ்ட் என்று நீ சொன்னது காதில் விழவில்லை என்று பல மாதம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். விழுந்தது, ஸ்டெல்லா. என்ன டெஸ்ட், யார் சொன்னார்கள், உனக்கு என்ன செய்கிறது, எதையும் நான் கேட்கவில்லை. அவசரம் இல்லை என்று நீ சொன்னதும் எனக்கு ஏற்பட்டது நிம்மதி. அதையும் எழுதிவிடுகிறேன்.

அதன் பிறகுதான் நோட்டில் விலைகள் ஏற ஆரம்பித்தன. தக்காளி கிலோ நாற்பது. வெண்டைக்காய் அரைக்கிலோ முப்பத்தைந்து. பூண்டு, புளி, தேங்காய் எல்லாவற்றிலும் ஐந்து, பத்து கூட. இருபத்திரண்டு வருடம் கல்லாவில் உட்கார்ந்தவன் கண்ணுக்கு அது தப்புமா? நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை, ஸ்டேஷன் பக்கம் நீ காய் வாங்கும் கடைக்கு நானே போனேன். போகிற போக்கில் கேட்பதுபோலத் தக்காளி விலையைக் கேட்டேன்.

"முப்பது சார். உங்க வீட்டு அக்காவுக்கும் வாரம் பூரா முப்பதுக்குத்தான் குடுத்துகினு கீறேன். ஏன் சார், இன்னா ஆச்சு?"

ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். திருடனைப் பிடித்துவிட்ட உற்சாகம். வேறு வார்த்தை போட்டால் பொய்யாகிவிடும்.

மேசையில் ஜெனியும் இருந்தாள். அவளை உள்ளே போகச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நோட்டை உன் பக்கம் திருப்பி வைத்து, அந்த வரிக்குக் கீழே விரலை வைத்தேன்.

"முப்பது ரூபா தக்காளி எப்படி நாப்பதாச்சு?"

நீ என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"எத்தனை வாரமா நடக்குது இது? யாருக்குக் குடுக்கற? சேலையூர்ல உங்க அக்காவுக்கா?"

"அப்பா, விடுங்கப்பா" என்றாள் ஜெனி. நான் விடவில்லை.

நீ எழுந்து போய்ப் பள்ளிக்கூடப் பையை எடுத்து வந்தாய். பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து, ரூபாய்த் தாளும் சில்லறையுமாக மேசையில் கொட்டினாய். நான் எண்ணினேன். ஆயிரத்து முந்நூற்று நாற்பது. பழக்கதோஷம், இரண்டாவது தடவையும் எண்ணினேன்.

"சரியா இருக்கா?" என்று கேட்டாய். கோபமே இல்லாமல் கேட்டாய். நான் தலையாட்டியதும் தோசை ஊற்றப் போய்விட்டாய். அந்தப் பணத்தில் கரண்ட் பில் கட்டினேன்.

ஏன் சொல்லவில்லை நீ? அந்த நேரத்தில்கூட, "என் நெஞ்சு வலிக்குது, அதுக்குத்தான் சேத்தேன்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால்? பதில் எனக்குத் தெரியும் என்று சில நாள் தோன்றுகிறது. ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டாய். இன்னொரு தடவை கேட்டு நிற்க உன்னால் முடியவில்லை. அப்படித்தானா?

அந்தச் சனிக்கிழமையிலிருந்து பத்தொன்பதாம் நாள், ஒரு வியாழக்கிழமை, மூன்றாவது பீரியடில் வகுப்பில் நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. டீச்சர் தூங்குகிறார்கள் என்று பிள்ளைகள் நினைத்திருக்கிறார்கள். வாய்மேல் விரல் வைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் "ஷ்ஷ்" என்று அடக்கிக்கொண்டு, முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்களாம். வகுப்பு ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று பார்க்கத்தான் பக்கத்து வகுப்பு லதா டீச்சர் வந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கு முன்பே எல்லாம் முடிந்திருந்தது.

கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டியிருந்த வீட்டுக்கு உன்னைக் கொண்டுவந்தோம். வந்தவர்களிடமெல்லாம் "திடீர்னு அட்டாக்" என்றேன். "நோய் நொடியில் கிடக்காமல் ஆண்டவர் அழைத்துக்கொண்டார்" என்றார்கள். நானும் ஆமாம் என்றேன்.

ஜனவரியில் உன் சாமான்களை வாங்கிக்கொள்ளப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். லதா டீச்சர்தான் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டும் போகாமல் நின்றார்.

"அண்ணா, தப்பா நினைக்காதீங்க. அந்த எக்கோ டெஸ்ட ஏன் எடுக்காமயே விட்டுட்டாங்க?"

"என்ன எக்கோ?" என்றேன்.

அவர் முகம் மாறியதை நீ பார்த்திருக்க வேண்டும். "உங்களுக்குத் தெரியாதாண்ணா? நான்தான் கேம்ப் ரோடுல ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். ஈ.சி.ஜி. சரியில்ல, ஹார்ட்டுக்கு உடனே எக்கோ ஸ்கேன் எடுங்கன்னார். சேத்துக்கிட்டு இருக்கேன்னாங்க. அப்புறம் கேட்டா, சேத்தது செலவாயிடுச்சு டீச்சர்னு சிரிச்சாங்க. நான் தரேன்னேன். கடன் வேணாம், அவருக்குப் பிடிக்காதுன்னுட்டாங்க. கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்காவது போலாம்னேன். லீவு போட்டா சம்பளம் புடிப்பாங்க, அவர் ஏன் குறையுதுன்னு கேப்பார்னாங்க."

செலவாகிவிட்டது என்றாயாமே. நான் பிடுங்கிக்கொண்டேன் என்று அப்போதும் சொல்லவில்லை.

பையில் உன் டைரி இருந்தது. டாக்டர் சீட்டை ஒரு பக்கத்தில் பின் அடித்திருந்தாய். அதற்குக் கீழே உன் குண்டு எழுத்தில் "எக்கோ 2,200". அடுத்து 120, 275, 410, 690, 980, 1,340. அதற்கு அடுத்த வரியில் ஒரு பூஜ்யம். பூஜ்யத்துக்குக் கீழே மறுபடியும் 30, 60, 90 என்று தொடங்கி 390-இல் நின்றிருந்தது.

அந்த முப்பது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் லதா டீச்சரிடமே கேட்டேன். கேம்ப் ரோடு பஸ் ஸ்டாப்பிலிருந்து பள்ளிக்கூடம் வரை ஒன்றரை கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவுக்குப் பதினைந்து ரூபாய், போக வர முப்பது. "கடைசி ரெண்டு மூணு வாரமா ஆட்டோல ஏறவே இல்லண்ணா. ஏன் நடக்கறீங்கன்னா, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்னாங்க."

வீட்டுக்கு வந்து நோட்டைப் பிரித்தேன். ஆட்டோ 30. ஆட்டோ 30. ஆட்டோ 30. பதிமூன்று வரி. பத்து வரியில் என் சிவப்பு டிக். மீதி மூன்றுக்குச் சனிக்கிழமை வரவில்லை. ஆட்டோவுக்குப் பில் கிடையாது, போய்க் கேட்கவும் ஆள் கிடையாது. காய்கறியில் வழியை அடைத்துவிட்டேன் என்று நீ இந்த வழியைக் கண்டுபிடித்திருக்கிறாய். அந்த நெஞ்சோடு, புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு, தினமும் மூன்று கிலோமீட்டர்.

எக்கோ எடுத்திருந்தால் பிழைத்திருப்பாயா? ஒரு டாக்டரிடம் சீட்டைக் காட்டிக் கேட்டேன். "சொல்ல முடியாது சார்" என்றார். எப்படியும் போயிருப்பார் என்று அவர் சொல்லிவிட மாட்டாரா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை.

உன் பி.எஃப். பணம் ஏப்ரலில் வந்தது. வந்த தொகையை இரண்டாயிரத்து இருநூறால் வகுத்துப் பார்த்தேன். என் புத்தி அப்படித்தான் வேலை செய்கிறது. அப்போதைக்கு அதிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை. யாரிடமும் எதுவும் சொல்லவும் இல்லை. டைரியைப் பீரோவில் என் சட்டைகளுக்கு அடியில் வைத்தேன். ஜெனிக்குத் தெரியக்கூடாது என்பது ஒன்றுதான் எனக்கு அப்போது குறியாக இருந்தது.

ஜெனி விஷயத்துக்கு வருகிறேன். அவள் கல்லூரியில் இரண்டாம் வருடம் போய்விட்டாள். சாயங்காலம் நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துத் தன் பஸ் செலவு, புத்தகச் செலவைத் தானே பார்த்துக்கொண்டாள். என்னிடம் எதுவும் கேட்பதில்லை. பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். செப்டம்பரில் ஒரு நாள் சாப்பிடும்போது கவனித்தேன், ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருந்தாள். மறுநாளும் அப்படியே. அடுப்படியில் கிராம்பு டப்பா காலியாகியிருந்தது.

"பல்லு வலியா?"

"இல்லப்பா."

"எத்தனை நாளா?"

"வலியெல்லாம் இல்லப்பா. சும்மா கூச்சம்."

கன்னம் வீங்கியிருந்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு, "வா, டாக்டர்கிட்ட போலாம்" என்றேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எவ்ளோ ஆகும்னு போன்ல கேட்டுட்டுப் போலாம்பா" என்றாள்.

ஸ்டெல்லா, அந்த நிமிடம் கதவில் நின்றது நீதான்.

கிளினிக்கில் வேர் சிகிச்சை செய்ய வேண்டும், நாலாயிரத்து ஐந்நூறு என்றார்கள். "மாத்திரை மட்டும் குடுத்தா போதாதா டாக்டர்? அடுத்த மாசம் வரேனே" என்று அந்த வீங்கிய வாயோடு கேட்டாள். பணத்தைக் கட்டினேன். வண்டியில் திரும்பும்போது ஜி.எஸ்.டி. ரோடு நெரிசலில் பின்னாலிருந்து கேட்டாள்: "பில் வாங்கினீங்களாப்பா?"

வண்டியை ஓரங்கட்டினேன். மேலே ஓட்ட முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் டைரியை எடுத்துக் கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். படிக்கட்டில் நின்றது, இஸ்திரி போட்டுக்கொண்டு கேட்டது, ஆயிரத்து முந்நூற்று நாற்பது எதற்காக என்பது, ஆட்டோ முப்பது. ஒன்றையும் விடவில்லை. அவள் டைரியை வாங்கிப் பிரிக்காமலே மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆட்டோ விஷயம் மட்டும் தெரியாது" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"மத்ததெல்லாம் தெரியும்பா. அடக்கத்தன்னைக்கே லதா டீச்சர் எக்கோ பத்தி சொன்னாங்க. அந்தக் காசு எதுக்குன்னு எனக்கு அப்பவே புரிஞ்சுடுச்சு. நீங்க எப்போ சொல்வீங்கன்னுதான் பாத்துட்டு இருந்தேன்."

ஒன்பது மாதம். ஒரே வீட்டில், எனக்குச் சோறு போட்டுக்கொண்டு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பையைக் கட்டினாள். சேலையூரில் உன் அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள்.

"அப்பா மேல கோவமா?"

"கோவப்பட்டு முடிச்சுட்டேன்பா. இந்த டேபிள்ல உக்காந்து சாப்பிட முடியல. அவ்ளோதான்."

தடுக்கவில்லை. எந்த உரிமையில் தடுப்பேன்? வாசல் வரை பையைத் தூக்கிக்கொண்டு போனேன். ஆட்டோவில் ஏறும்போது, "மாத்திரைய மறக்காம போடுங்க" என்றாள். என் சர்க்கரைக்கு.

அக்டோபர் ஒன்றாம் தேதி உன் பி.எஃப். பணத்திலிருந்து எட்டாயிரம் அவள் கணக்குக்கு அனுப்பினேன். எதற்காக என்று எழுத போனில் ஒரு கட்டம் வரும். அதை வெற்றாகவே விட்டேன். கொஞ்ச நேரத்தில் அவளிடமிருந்து ஒரு வார்த்தை வந்தது: "வந்துடுச்சு." நவம்பரிலும் அப்படியே. கூடவே அப்பா என்று ஒரு சொல் இருக்கிறதா என்று மேலும் கீழும் தேடிப் பார்த்தேன்.

கல்லறைத் திருநாளுக்குப் பூ வாங்கிக்கொண்டு வந்தேன். எனக்கு முன்பே யாரோ வந்து உன் சிலுவையைத் துடைத்து, மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போயிருந்தார்கள். யாரோ என்ன, அவள்தான். நான் வரும் நேரம் அவளுக்குத் தெரியும். அதற்கு முன்பே போய்விட்டாள்.

மன்னிப்பு உன்னிடம் கேட்கப் போவதில்லை. உயிரோடு இருந்தபோது எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுவாய். இப்போதும் கொடுத்துவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. அது எனக்கு வேண்டாம்.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். என் கையில் சம்பளம் வந்துகொண்டிருக்கும்வரை மாதம் பிறந்ததும் ஜெனிக்குப் பணம் போகும். அவள் படித்து முடித்தாலும், வேலைக்குப் போனாலும், வேண்டாம் என்று சொன்னாலும் போகும். அந்தப் பணம் என்ன ஆயிற்று என்ற கேள்வி என் வாய்வரை வரும், எனக்கு என்னைத் தெரியும். விழுங்கிவிடுவேன். அவள் இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தாலும் கேட்க மாட்டேன். வராமலே போனாலும் கேட்க மாட்டேன்.

உன் கணவன்,
ஜெனியின் அப்பா,
அந்தோணி